பகல் சாப்பாடு தனி ஆளா: வேலூர்ல எத்தனை மணிக்கு, எங்க, எப்படி?

புது டிரான்ஸ்பர் | ஏப்ரல் 21, காலை 10.12

சத்துவாச்சாரி பக்கம் ஆபீஸ். பகல் சாப்பாட்டுக்கு 45 நிமிஷம். கூட வர ஆள் இல்ல. 1 மணிக்கு எந்த மெஸ்ஸுக்குப் போனாலும் சாப்பிடறவங்க சேருக்குப் பின்னாடி நின்னு, அவங்க இலை மடிக்கிறாங்களான்னு பாத்துகினு இருக்கணும். தனி ஆளுக்கு என்ன வழி? ஓட்டல் பேர் லிஸ்ட் வேணாம், அது தேடினா கிடைக்கும். முறை சொல்லுங்க.

கல்லாப்பெட்டி | ஏப்ரல் 21, காலை 11.40

முதல்ல மணியை மாத்துங்க. மெஸ்ல 12 மணிக்கு சோறு வடிச்சு இறக்கி வெச்சிருப்பாங்க. 12.10-லேர்ந்து 12.40 வரைக்கும் பாதி டேபிள் காலி. 12.45-க்கு மேல ஆபீஸ் கூட்டம், 1.30-க்கு மேல கோர்ட், பேங்க் கூட்டம். 2.15-க்கு மறுபடி காலியாகும், ஆனா அப்ப பொரியல் தீர்ந்து அப்பளம் நமுத்திருக்கும், ரசம் அடிமண்டிக்கு வந்திருக்கும். ஆபீஸ்ல அரை மணி முன்னாடி எழுந்திரிக்க முடியும்னா உங்க பிரச்சனை முக்கால்வாசி தீர்ந்துச்சு.

அடுத்தது, தனி ஆளை எந்த மெஸ்காரரும் வெறுக்க மாட்டார். மூணு பேரா வந்தா மூணு சேர் சேர்ந்தாப்ல தேடணும். ஒருத்தரை எந்த இடுக்குலயும் உட்கார வெச்சிடலாம். வாசல்ல நின்னு டேபிளையே முறைச்சுகினு இருக்காதீங்க. கல்லாவுல "ஒரு ஆள்"னு சொல்லுங்க. அங்கேர்ந்து ஒரு குரல் போகும், சப்ளையர் இடம் காட்டுவார்.

குஸ்கா கட்சி | ஏப்ரல் 21, பகல் 12.31

நாலு பேர் டேபிள்ல மூணு பேர் குடும்பமா இருக்கும்போது நாலாவது சேர்ல போய் உட்கார்ற கொடுமையை யாரும் சொல்லல. அவங்க சண்டை முழுக்க நமக்குத்தான் கேக்கும்.

கல்லாப்பெட்டி | ஏப்ரல் 21, பகல் 3.05

சண்டை இலவசம். அதுக்கு பில் கிடையாது.

பஸ் பாஸ் | ஏப்ரல் 22, காலை 9.20

டோக்கன் மெஸ்ல ஒரு வரிசை இருக்கு, அதை மாத்தினா தனி ஆளுக்குத்தான் கஷ்டம். முதல்ல டோக்கன், அப்புறம் கை கழுவறது, கடைசியா இடம். நிறைய பேர் இடம் பிடிச்சு பையை வெச்சுட்டு கை கழுவப் போறாங்க. கூட ஆள் இருந்தா சரி. தனியா வந்தா பையை யார் பாக்கறது? தோள்ல மாட்டற பையா இருந்தா மாட்டிகினே போங்க. இடம் பிடிக்க தண்ணி பாட்டில் இல்லன்னா கைக்குட்டை போதும். போனை டேபிள்ல வெச்சு இடம் பிடிக்காதீங்க.

சாப்பிட்டு முடிச்சு பணம் கட்டற இடத்துல சோத்துக் கையோட ஸ்கேன் பண்ணத் தடுமாறுவாங்க. போன்ல இடது கை பெருவிரல் ரேகையையும் பதிஞ்சு வெச்சுக்கோங்க. சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம் பகல் நேரத்துல கூட்டம் ஜாஸ்தி, சில சமயம் நெட் சுத்திகினே இருக்கும். சாப்பாட்டுக்கு ஆகற காசு ரொக்கமா சட்டைப்பையில இருக்கட்டும்.

எவர்சில்வர் | ஏப்ரல் 22, மாலை 6.48

மெஸ்ஸே எதுக்கு? டப்பா கட்டிகினு போனா 45 நிமிஷத்துல 25 நிமிஷம் மிச்சம். வெயில் ஏறற ஊர், அதனால எதைக் கட்டணும், எதைக் கட்டக்கூடாதுன்னு தெரியணும், அவ்ளோதான்.

காலை 7.30-க்குக் கட்டி 1 மணி வரை தாங்கறது: புளியோதரை (ராத்திரி வரைக்கும் கூட நிக்கும், நல்லெண்ணெய் தாராளமா இருக்கணும்), எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், தண்ணி விடாம வறுத்த உருளைக்கிழங்கு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு.

தாங்காதது: தேங்காய் அரைச்சு விட்ட கூட்டு, தேங்காய் சாதம், தேங்காய் சட்னி, பாசிப்பருப்பு சாம்பார். சித்திரை வைகாசியில இதெல்லாம் 11 மணிக்கே நூல் விட ஆரம்பிக்கும்.

எலுமிச்சை சாதம் கசக்குதுன்னு சொல்றவங்க அடுப்பு எரியும்போதே சாறு பிழியறாங்க. தாளிப்பை இறக்கி, சோத்தைக் கொட்டிக் கிளறி, சூடு அடங்கினதுக்கு அப்புறம் பிழியணும். அரை டம்ளர் அரிசிக்கு நடுத்தரப் பழம் ஒண்ணு.

புது டிரான்ஸ்பர் | ஏப்ரல் 22, இரவு 9.15

தயிர் சாதம்? 1 மணிக்குத் திறந்தா புளிச்சுப்போய் பல் கூசுது.

எவர்சில்வர் | ஏப்ரல் 23, காலை 6.55

தயிர் சாதத்தை தயிர் ஊத்திப் பிசைஞ்சா அப்படித்தான். பால்ல பிசையணும். ஒரு ஆளுக்கு அளவு: பச்சரிசி அரை டம்ளர் (100 மில்லி), தண்ணி 2 டம்ளர், குக்கர்ல 5 விசில், குழைய வேகணும். சூட்டோட மத்தால மசிச்சு, காய்ச்சின பால் முக்கால் டம்ளர் ஊத்திக் கலக்குங்க. பாக்கறதுக்கு பாயசம் மாதிரி ஓடும், பயப்படாதீங்க, சோறு குடிச்சுடும். விரல் வெச்சா சூடு பொறுக்கற பக்குவத்துல தயிர் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு, துருவின இஞ்சி. டப்பாவுக்குள்ளேயே உறைஞ்சு 1 மணிக்கு சரியான பதம் வரும். கத்திரி வெயில் நாள்ல தயிர் ஒரு டீஸ்பூன் போதும். பச்சை வெங்காயம் போடாதீங்க, மூடி திறந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போயிடுவார். தாளிப்பு ஆறினதும் கொட்டுங்க.

நைட் டூட்டி | ஏப்ரல் 23, காலை 8.10

இங்க ஒரு விஷயம் அழுத்தமா சொல்லணும். சோத்தை சாதா டப்பாவுல சுடச்சுடப் போட்டு இறுக்கி மூடறது, மதியம் "ஓவன்ல சூடு பண்ணிக்கலாம், சரியாயிடும்"னு நினைக்கறது, ரெண்டும் தப்பு. அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட விதை இருக்கும், வேகவெச்சாலும் சாகாது. சோறு மணிக்கணக்குல வெதுவெதுப்பா இருந்தா அது முளைச்சு நஞ்சு விடும். வாந்தி வரவெக்கற அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது. வாசனை, ருசி ரெண்டுலயும் ஒண்ணும் தெரியாது. அதனால சோத்தைத் தட்டுல பரப்பி ஆறவெச்சு டப்பாவுல போடுங்க. இல்லன்னா நல்ல சூடு காக்கற டப்பாவுல கொதிக்கக் கொதிக்கப் போடுங்க. நடுவுல நிக்கற சூடுதான் ஆபத்து. ஆபீஸ்ல பிரிட்ஜ் இருந்தா போனதும் உள்ள வெச்சுடுங்க.

புளி, எலுமிச்சை, தயிர் மூணுலயும் புளிப்பு இருக்கறதால கிருமி அவ்ளோ சுலபமா வளராது. கட்டுச்சோறுன்னா இந்த மூணு சாதமா இருக்கறதுக்கு இது ஒரு காரணம்.

குஸ்கா கட்சி | ஏப்ரல் 23, பகல் 1.20

தயிர் சாதமும் கிருமியும் பேசிகினு இருக்கீங்க. பிரியாணி ஜில்லாவுல உட்கார்ந்துகினு இது நியாயமா?

தனி ஆளுக்கு பிரியாணி கடை மாதிரி வசதி எதுவும் இல்ல. உட்கார்ந்த ரெண்டாவது நிமிஷம் தட்டு வரும். பதினஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடலாம். முழு பிரியாணி ஒரு ஆளுக்கு மதியத்துல அதிகம், சாப்பிட்டா 3 மணிக்கு டேபிள்ல தலை சாயும். அரை சொல்லுங்க, இல்லன்னா குஸ்கா. அதே அண்டா சோறு, கறித்துண்டு மட்டும் இருக்காது. கூட கத்திரிக்காய், வெங்காயத் தயிர் எப்பவும் போல வரும். காசு கம்மி, வயிறும் லேசு.

ஆம்பூர் முறையில சீரக சம்பா அரிசியும் கறியும் எடைக்கு எடை சமம். மிளகாய்த்தூள் கிடையாது, காஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுது. அரிசியை முக்கால் பதத்துல வடிச்சு கறியில கொட்டி தம் போடுவாங்க. அதனால எண்ணெயும் மசாலாவும் கீழ இறங்கி நிக்கும், மேல் சோறு வெளுத்து உதிரியா இருக்கும். எடுக்கறவர் கையில கரண்டி இருக்காது, சின்னத் தட்டு இருக்கும். அதை அண்டா ஓரமா செங்குத்தா இறக்கி, அடியிலேர்ந்து மேல வரைக்கும் ஒரே சரிப்பா வழிச்செடுத்தார்னா மேல் வெள்ளையும் கீழ் சிவப்பும் சேர்ந்து தட்டுக்கு வரும். மேலோட்டமா அள்ளினார்னா வறண்ட சோறு. தனியா போறவங்க அண்டா தெரியற சேரா பாத்து உட்காருங்க. "கொஞ்சம் அடியிலேர்ந்து போடுங்க பாய்"னு தட்டு வரும் முன்னாடி சொல்லலாம், வந்த பிறகு சொன்னா மரியாதை இல்ல.

முதல் அண்டா தம் உடைக்கிறது பகல் 12-க்குள்ள. 2.30-க்கு மேல போனா அடி அண்டா, துண்டு நிறைய வரும், சோறு கட்டி கட்டியா எண்ணெய் குடிச்சு இருக்கும். எனக்கு அது பிடிக்கும், எல்லாருக்கும் ஒத்துக்காது.

பஸ் பாஸ் | ஏப்ரல் 23, பகல் 1.52

"பிரியாணி ஜில்லா" எது? 2019-ல மாவட்டத்தை மூணா பிரிச்சப்ப ஆம்பூர் திருப்பத்தூரோட போச்சு. ஆற்காட்டு மக்கன் பேடா ராணிப்பேட்டையோட போச்சு.

எவர்சில்வர் | ஏப்ரல் 23, மாலை 7.02

கத்திரிக்காய் நம்ம கிட்டதான் இருக்கு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின முள்ளு கத்திரிக்காய் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி. அது இல்லாம அவங்க பிரியாணிக்குத் தொட்டுக்க என்ன பண்ணுவாங்கன்னு பாப்போம்.

வெள்ளைக் கோட்டு | ஏப்ரல் 25, காலை 7.30

ஆம்பளைங்களே எழுதறீங்க. தனியா போற பொம்பளைங்களுக்குக் கணக்கு வேற. ரோட்டோர மெஸ்ல மூணு பக்கமும் ஆம்பளைங்க உட்கார்ந்திருக்க நடுவுல போய் உட்கார்றதை விட ஆபீஸ்ல பட்டினி கிடக்கறவங்க நிறைய பேர்.

ஆஸ்பத்திரி எதிர்ல, காந்தி ரோடு, பாபுராவ் தெரு மெஸ்ஸுங்கள்ல அந்தக் கூச்சம் இல்ல. நர்ஸுங்க, நோயாளிக்குத் துணையா வந்தவங்கன்னு தனியா சாப்பிடற பொம்பளைங்க அங்க சாதாரணம், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பெரிய ஓட்டல்ல மாடியில குடும்ப அறை, ஏசி அறை இருக்கும். ஏறி உட்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: "சாப்பாடு மேல உண்டா?", "ரேட் அதேதானா?" பல இடத்துல அளவு சாப்பாடு கீழ மட்டும்தான். மேல கார்டுல இருக்கற அயிட்டம் மட்டும், விலையும் கூட. இதை மெனு கார்டு கைக்கு வந்த பிறகு தெரிஞ்சுக்கிட்டா எழுந்து வர சங்கடமா இருக்கும், அதைத்தான் நம்பறாங்க.

சுவரைப் பாத்த சேரை விட சுவத்துக்கு முதுகு காட்டற சேர் எடுங்க. சப்ளையர் கண்ணுல பட்டுகினே இருப்பீங்க, ரசம் கேக்கக் குரல் உசத்த வேண்டாம்.

கல்லாப்பெட்டி | ஏப்ரல் 25, காலை 11.15

அம்மா சொல்றது சரி. பில்லைப் பத்தியும் ஒண்ணு சேத்துக்கறேன். ஓட்டல் சாப்பாட்டுக்குப் பொதுவா ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்ன மெஸ்ஸுங்க பலது காம்போசிஷன் திட்டத்துல (சின்ன வியாபாரிங்களுக்கான சுலப ஜிஎஸ்டி முறை) இருக்கும். அந்தத் திட்டத்துல இருக்கறவங்க சாப்பிடறவங்ககிட்ட தனியா வரி வாங்கக்கூடாது, அந்த விவரத்தை பில்லுலயே போட்டிருக்கணும். அப்படிப் போட்ட பில்லுல வரியும் கூட்டியிருந்தா கேளுங்க, எடுத்துடுவாங்க.

நைட் டூட்டி | ஏப்ரல் 25, இரவு 10.40

ஆஸ்பத்திரி எதிர்ப்பக்க வங்காளி மெஸ்ஸை விட்டுட்டீங்களே. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வங்கதேசத்துலேர்ந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்காக வெச்ச கடைங்க, போர்டே வங்காளியில இருக்கும். சோறு, பருப்பு, உருளை வறுவல், ஒரு காய். மீன் தனி விலை, துண்டுக்கு இவ்ளோன்னு. கடுகெண்ணெய் வாசனை பழகாதவங்க முதல் நாள் மீன் வேணாம், பருப்பும் வறுவலும் சாப்பிட்டுப் பாருங்க. மீன்ல முள் ஜாஸ்தி, 45 நிமிஷக்காரங்களுக்கு அது ஒத்து வராது. காலை ஓபி முடிஞ்சு வர கூட்டம் 12.30-லேர்ந்து 2.30 வரை நெரிக்கும், அதுக்கு முன்னாடி போங்க.

பஸ் பாஸ் | ஏப்ரல் 28, காலை 9.05

பார்சல் வாங்கி ஆபீஸ்ல சாப்பிடற கூட்டத்துக்கு: ஒரு பார்சல் சாப்பாட்டுல வர சோறு ரெண்டு ஆளுக்கு தாராளம். தனி ஆள் அதை முடிக்கணும்னு நினைச்சா அன்னிக்கு வேலை நடக்காது. பக்கத்து சீட்டுக்காரரும் தனி ஆளா இருந்தா ஒரு பார்சல், ஒரு எக்ஸ்ட்ரா குழம்பு போதும்.

கவர்ல நூல் சுத்தின சாம்பாரைப் பிரிக்கும்போது முடிச்சை நோண்டாதீங்க. கவரைக் கிண்ணத்துக்குள்ள நிக்க வெச்சு, முடிச்சுக்குக் கீழ இறுக்கிப் பிடிச்சு, கீழ் மூலையில சின்னதா கத்தரிச்சா தானா இறங்கும். முடிச்சுப் பக்கம் கிழிச்சா சட்டை போச்சு.

வெள்ளைக் கோட்டு | ஏப்ரல் 28, பகல் 2.20

2019 ஜனவரியிலேர்ந்து ஒரு தடவை போட்டு எறியற பிளாஸ்டிக் தமிழ்நாட்டுல தடை. கவர்ல கொதிக்கற சாம்பார் இன்னும் வந்துகினுதான் இருக்கு. நியூஸ்பேப்பர்ல நேராப் படற மாதிரி மடிச்ச வடை, பஜ்ஜியும் வேணாம், மை சாப்பாட்டுல இறங்கும். தூக்கு இல்லன்னா அடுக்கு டப்பா எடுத்துட்டுப் போனா எந்த மெஸ்ஸும் வேணாம்னு சொல்றதில்ல. குழம்பு கீழ் அடுக்குல, சோறு மேல. மாத்தி வெச்சா கசியற குழம்பு சோத்துல இறங்கும்.

குஸ்கா கட்சி | மே 2, பகல் 12.58

டப்பா மூடி திறக்க மாட்டேங்குது. அவசரம்.

எவர்சில்வர் | மே 2, பகல் 1.03

சூடா மூடினீங்களா? உள்ள இருந்த ஆவி ஆறித் தண்ணியாச்சு, உள்ளே காத்தழுத்தம் குறைஞ்சு வெளிக்காத்து மூடியை அமுக்கிப் பிடிச்சிருக்கு. திருகாதீங்க, குத்தாதீங்க. டீக்கடையில ஒரு மக்கு வெந்நீர் வாங்கி டப்பாவோட அடிப்பாகம் மட்டும் முங்கற மாதிரி ரெண்டு நிமிஷம் வைங்க. உள்காத்து விரிஞ்சா மூடி தளரும். வெந்நீர் இல்லன்னா ஸ்பூன் காம்போட தட்டை முனையை ரப்பர் வாஷருக்கும் விளிம்புக்கும் நடுவுல ஒரு இடத்துல மட்டும் நுழைச்சு லேசா நெம்புங்க. "புஸ்"ஸுன்னு காத்துப் போற சத்தம் வந்ததும் கையாலயே எடுக்கலாம்.

குஸ்கா கட்சி | மே 2, பகல் 1.09

புஸ். நன்றி.

கல்லாப்பெட்டி | மே 5, காலை 10.30

கத்திரி ஆரம்பிச்சாச்சு. 1 மணிக்கு கிரீன் சர்க்கிள்லேர்ந்து நடந்து மெஸ்ஸுக்குப் போய் சாம்பாரும் வத்தக்குழம்பும் ஊத்தித் தின்னா உடம்பு தாங்காது. வண்டிக் கூழ் யோசிங்க. தனி ஆளுக்குன்னே உண்டான சாப்பாடு, சேர் வேணாம், துணை வேணாம், நின்னபடியே பத்து நிமிஷம்.

கேழ்வரகு மாவை முந்தின நாள் கரைச்சுப் புளிக்க வெச்சு, நொய் வேகவெச்சதுல ஊத்திக் கிளறி, ஆறவிட்டு, மறுநாள் மோர்ல கரைக்கிறது. சொம்புல ஊத்தும்போது பாருங்க, நொய் அங்கங்க தட்டுப்படணும். வெறும் மாவுத்தண்ணியா ஓடினா அது குடிச்சு ஒரு மணி நேரத்துல பசிக்கும். தொட்டுக்க சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய், முருங்கைக்கீரை, கருவாடு, வண்டிக்கு வண்டி மாறும்.

நைட் டூட்டி | மே 5, காலை 11.02

கூழ்ல பயம் இல்ல, கரைக்கற தண்ணியிலயும் ஐஸ்லயும்தான். கட்டி ஐஸை உடைச்சு உள்ள போடற வண்டியை விடுங்க. மண்பானையில ஈரத்துணி சுத்தி வெச்சிருக்கறவர்கிட்ட போங்க. சொம்பைக் கழுவற வாளியையும் ஒரு பார்வை பாருங்க, ஒரே வாளித் தண்ணியில காலையிலேர்ந்து முக்கி எடுத்துகினு இருந்தா நம்ம கிளாஸை நீட்டலாம்.

புது டிரான்ஸ்பர் | மே 6, இரவு 8.30

12.15-க்கு மெஸ் ஒத்து வருது. சேர் கிடைக்குது. ஆனா சோறு ஒரே குவியலா வெச்சுடறாங்க, ரசத்துக்கு இடம் இல்ல. வேணாம்னு சொல்றதுக்குள்ள அடுத்த இலைக்குப் போயிடறார்.

கல்லாப்பெட்டி | மே 7, காலை 10.50

இலை போட்டதும் தண்ணி தெளிச்சுத் துடைங்க, நுனி இடது பக்கம் இருக்கான்னு பாருங்க. சோத்து வாளி வரும்போது வாயால சொல்றதை விட இலைக்கு மேல கையை நீட்டி "அரை"ன்னு காட்டுங்க, அதுதான் அவர் கண்ணுல படும். முதல் சோத்தைக் குவியலாவே விட்டு, பாதியை மட்டும் இழுத்து சாம்பாருக்குக் குழி பறிங்க. மிச்சம் ரசத்துக்கு. மோருக்கு ரெண்டாவது சோறு ஒரு கைப்பிடி கேளுங்க. தனி ஆள் வரிசையோட கடைசி இலையில உட்கார்ந்தா வாளி வந்து சேரும்போது காலியாகி திரும்பிடும். சமையக்கட்டு வாசல்லேர்ந்து ரெண்டாவது, மூணாவது இலை நல்ல இடம். ஃபேனுக்கு நேர் கீழ வேணாம், சோறு ஆறிடும், அப்பளம் பறந்து பக்கத்து இலைக்குப் போகும்.

மீதி வெக்கிற பழக்கம் இருந்தா அளவு சாப்பாடே வாங்குங்க. கிண்ணத்துல வரும், யாரும் உபசாரம் பண்ண மாட்டாங்க, காசும் குறையும்.

பஸ் பாஸ் | மே 7, பகல் 3.40

மாசக் கடைசிக்கு அம்மா உணவகம் இருக்கு, யாரும் எழுதல. சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், மதியம் 12-லேர்ந்து 3 வரை. சீக்கிரம் போகணும், தீர்ந்துடும். அங்க எல்லாருமே தனி ஆளுங்கதான்.

வெள்ளைக் கோட்டு | மே 11, காலை 7.45

டப்பா கட்டறவங்களுக்கு: மூடியோட ரப்பர் வாஷரைத் தினமும் கழட்டிக் கழுவுங்க. அந்தப் பள்ளத்துல தேங்கற சாம்பார் தண்ணிதான் மூணாம் நாள் நாறுது, டப்பா இல்ல. ஸ்பூன் காம்பால கழட்டி, சோப்பு போட்டு, வெயில்ல பத்து நிமிஷம். வேலூர் வெயிலுக்கு அஞ்சே போதும்.

குஸ்கா கட்சி | மே 11, இரவு 9.22

கழட்டினேன், பிஞ்சு போச்சு. வாஷர் மட்டும் தனியா கிடைக்குமா?

எவர்சில்வர் | மே 12, காலை 6.40

லாங் பஜார் பக்கம் பாத்திரக்கடைங்கள்ல கேளுங்க. இஞ்ச் அளவு சொன்னா சரியா வராது, ஒவ்வொரு கம்பெனிக்கும் பள்ளம் வேற. மூடியைக் கையோட எடுத்துட்டுப் போய் கடையிலேயே மாட்டிப் பாத்து வாங்குங்க. மாட்டினதும் தண்ணி ஊத்தி மூடிக் கவுத்துப் பாருங்க, சொட்டினா வேற வாஷர் கேளுங்க. வெள்ளை சிலிகான் கேளுங்க, கறுப்பு ரப்பர் ரசத்துல வாசனை ஏத்தும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதி கடை மூடியிருக்கும்.